வெள்ளைச்சாமி வீட்டுக்குக் குளிர் வந்த கதை

என் வலது கையில் சுத்தியல், இடது கையில் உளி. முன்னால், பெயிண்ட் அடித்து ஒரு வாரம்கூட ஆகாத இளம்பச்சைச் சுவர். பின்னால் நான்கு பேர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் நின்றபடி, ஒருவர் படுத்தபடி.

நாளை மறுநாள் அந்த வீட்டில் நிச்சயதார்த்தம்.

இருபது வருடமாக ஏசி மாட்டுகிறேன். எத்தனையோ சுவர்களைத் துளைத்திருக்கிறேன். துளைப்பது வேறு, உடைப்பது வேறு. பெயிண்ட் வாசனைகூடப் போகாத சுவரை, அதுவும் என்னுடைய தப்புக்காக, வீட்டுக்காரர்கள் கண் முன்னாலேயே உடைக்க வேண்டி வந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சுவருக்கு முன்னால் எப்படிப் போய் நின்றேன் என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'உங்கள் வேலையில் நீங்கள் தப்பே செய்ததில்லையா அம்மா?' என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்குத்தான் இது.

ஆள் எப்ப வரும்?

வெள்ளைச்சாமி ஐயாவின் வீடு வடமதுரை தாண்டி, நாலுவழிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சின்ன ரோட்டில் இருக்கிறது. சுற்றிலும் கத்தரித் தோட்டமும் தென்னையும். மாடியில் ஏறி நின்றால் தெற்கே சிறுமலை தெரியும். பங்குனி மாதம். அன்றைக்கு மலைமேல் மட்டும் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. கீழே எங்களுக்கெல்லாம் அது ஒன்றும் செய்வதாக இல்லை.

போன் செய்து கூப்பிட்டது அவருடைய மகள் தமிழ்ச்செல்வி. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். நானும் பாண்டி அண்ணனும் மினி வேனில் போய் இறங்கினோம்.

பாண்டி அண்ணனைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: தகர வேலைக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், பதினைந்து வருடமாக என்னோடு வேலை செய்கிறார். எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. இன்னமும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்.

ஐயாவின் மனைவி பஞ்சவர்ணம் அம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பாண்டி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஆளு எப்ப வருவாங்க தாயி?"

"நாந்தாம்மா ஆளு" என்றேன்.

இந்தக் கேள்விக்கு நான் கோபப்படுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. சில வீடுகளில் ஏணியில் ஏறி நின்று நட்டு முறுக்கிக்கொண்டிருக்கும்போதுகூட, 'மெக்கானிக் வரலையா?' என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட முறுக்கி முடித்துவிட்டு இறங்குவது நல்லது.

ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று கேட்பவர்களும் உண்டு. பெரிய லட்சியமெல்லாம் இல்லை. அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். நானும் டீச்சராக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. ஐ.டி.ஐ.யில் விண்ணப்பம் கொடுக்கப் போன என் தோழிக்குத் துணையாகப் போனேன். மே மாதம். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு அறைதான் குளுகுளுவென்று இருந்தது. அது என்ன வகுப்பு என்று கேட்டேன். குளிர்சாதனப் பிரிவு என்றார்கள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தோழி தையல் பிரிவில் சேர்ந்து ஆறு மாதத்தில் விட்டுவிட்டாள்.

வேர்க்காத மனிதர்

வெள்ளைச்சாமி ஐயா அய்யலூர் சந்தையில் ஆட்டு வியாபாரி. ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆடு ஏற்றிய லாரியின் மேல்தட்டில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். கழுத்துத் தண்டுவடம் நசுங்கிவிட்டது. கைகளை ஓரளவு தூக்குவார், விரல்கள் பிடிக்காது. நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அவர்கள் வீட்டில் எனக்குப் புதிதாகத் தெரியவந்த விஷயம் ஒன்று உண்டு. இப்படி அடிபட்டவர்களுக்கு உடம்பு வேர்ப்பதில்லை. வேர்வை இல்லாவிட்டால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. வெயில் ஏற ஏறக் காய்ச்சல் மாதிரி ஏறிக்கொண்டே போகும். நாமெல்லாம் வேர்க்கிறதே என்று அலுத்துக்கொள்கிறோம்.

அதனால் அவருடைய படுக்கை அறையில் ஒரு சின்ன ஏசி மாட்டியிருந்தார்கள். அந்த அறைதான் அவருக்கு உலகம். கோடை வந்தால் ஹாலுக்குக்கூட வர முடியாது. ஹாலில் ஐந்து நிமிடம் இருந்தால் முகம் சிவந்துவிடும். தமிழ்ச்செல்வியும் அம்மாவும் ஈரத்துண்டைப் பிழிந்து பிழிந்து போட வேண்டும்.

ஆனால் ஆள் சோர்ந்து கிடந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் போனபோது வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் போன். அந்தப் பக்கம் சந்தையில் அவருடைய தம்பி மகன். ஸ்பீக்கரில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஏலே, போன அது வாய்க்கிட்டக்க வையி" என்றார். ஒரு ஆடு கத்தியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இருமல் இருக்கு. வேணாம். அடுத்தத காட்டு."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்துவிட்டார்.

"பாக்க முடியல தாயி. அதான் காதால மேய்க்கிறேன்" என்றார்.

விஷயத்துக்கு வந்தார். வைகாசியில் தமிழ்ச்செல்விக்கு நிச்சயம். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார், அவருடைய விடுப்பு அந்த வாரத்தோடு முடிகிறது, நாளைத் தள்ளிப்போட வழியில்லை. மண்டபத்துக்கு இவரைக் கொண்டுபோக முடியாது. எனவே வீட்டு ஹாலில்தான் நிச்சயம். ஆனால் அந்த ஹாலில் பெண்ணைப் பெற்றவர் உட்கார முடியாது.

"எல்லாரும் ஹால்ல தட்டு மாத்துவாங்க. நான் இங்கன படுத்துக்கிட்டு போன்ல கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

வீடு முழுக்கக் குளிர வேண்டும் என்றார். ஹால், சமையல்கட்டு, நடை, அறைகள், எல்லாம். சக்கர நாற்காலி எங்கெங்கே போகுமோ அங்கெல்லாம்.

போகும்போது பாரம், வரும்போது காலி

அறைக்கு ஒன்றாக ஏசி மாட்டினால் நடையும் வாசல் பக்கமும் சூடாகவே இருக்கும். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் அவருக்கு ஏறிவிடும். அதனால் வேறு மாதிரி செய்யலாம் என்றேன். நடையின் கூரைக்கு அடியில் ஏர் ஹேண்ட்லர் என்று ஒரு பெரிய பெட்டியைத் தொங்கவிடுவோம். அதுதான் வீட்டுக் காற்றை இழுத்துக் குளிராக்கித் தகர டக்ட் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்பும். டக்ட் எல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்குள் மறைந்துவிடும். கூரையில் சின்னச் சின்னக் கிரில் மட்டும் தெரியும். மொட்டை மாடியில் இன்னொரு பெட்டி நிற்கும்.

அப்படியானால் மாடியில் எதற்கு இன்னொரு பெட்டி என்று பஞ்சவர்ணம் அம்மா கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. அள்ளுவது உள்ளே இருக்கும் பெட்டி, கொட்டுவது மாடியில் இருக்கும் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் இரண்டு செம்புக் குழாய்கள், ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. அவற்றுக்குள் கேஸ் சுற்றிச் சுற்றி வரும்.

ஐயா படுக்கையிலிருந்து குரல் கொடுத்தார். "புரிஞ்சிருச்சு. சந்தைக்குப் போற லாரி. போறப்ப பாரம், வாரப்ப காலி."

இருபது வருடத்தில் என் வாடிக்கையாளர் ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நான் எல்லா வீட்டிலும் இந்த லாரியைத்தான் ஓட்டுகிறேன்.

பஞ்சவர்ணம் அம்மாவுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கே போகும்? வடிகால் பைப் ஒன்று சரிவாக வெளியே போகும் என்றேன். அப்படியானால் அதை மல்லிகைச் செடிப் பக்கம் திருப்பிவிடச் சொன்னார். சரிவு சரியாக வர வேண்டுமென்றால் பைப் கிழக்கே போக வேண்டும், மல்லிகையோ மேற்கே இருந்தது. அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் பைப் கிழக்கேதான் போனது. அடுத்த வாரம் வந்து பார்த்தால் மல்லிகைச் செடி கிழக்கே வந்திருந்தது.

ஒன்றரை அடி

வேலை நன்றாகவே போனது. பாண்டி அண்ணன் தகரத்தை வெட்டி மடித்துத் தட்டும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஏர் ஹேண்ட்லரை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கொத்தனார்களும் சேர்ந்து தூக்கி மாட்டினோம். அந்தப் பெட்டி ஒரு பக்கம் அரை விரல்கடை சாய்ந்தாலும் தண்ணீர் தப்பான பக்கம் ஓடிவிடும். ரசமட்டம் வைத்து வைத்துப் பார்த்ததில் கழுத்து வலித்தது.

பிறகு குழாய். மாடியிலிருந்து இறங்கி, ஐயாவின் அறைச் சுவருக்குள் பள்ளம் வெட்டி, அதன் வழியாக நடைக்கு வர வேண்டும். கறுப்பு நுரைச் சட்டை போட்ட இரண்டு குழாய்களையும் மெதுவாக வளைத்து இறக்கினேன். நடுவில் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு கான்கிரீட் பீம் வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனதில் தடிமன் குழாய் ஒன்றரை அடி குறைந்துவிட்டது.

ஒன்றரை அடி. ஒரு முழம்.

சரியான வழி எனக்குத் தெரியும். முழுக் குழாயையும் உருவிவிட்டு நீளமான புதுக்குழாய் போட வேண்டும். அந்தத் தடிமனில் சுருள் மதுரையிலிருந்து வர வேண்டும், இரண்டு நாளாகும். கொத்தனாரோ சிமெண்ட்டைக் குழைத்து வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் பெயிண்டர் வருவதாக இருந்தது. அதற்கடுத்த நாள் சீலிங் ஆட்கள்.

சுவருக்குள் இணைப்பை வைத்து மூடக் கூடாது, கசிந்தால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வைத்தேன். ஒரு துண்டுக் குழாயைச் சேர்த்துப் பற்றவைத்தேன். சுவர்ப் பள்ளம் குறுகல், தீ குழாயின் பின்பக்கம் சரியாகச் சுற்றி வரவில்லை என்று மனசுக்குள் ஒரு முனகல் கேட்டது. கசிகிறதா என்று நைட்ரஜனை அடைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அழுத்தம் காட்டும் கேஜில் முள் அசையவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சிமெண்ட் மூடியது. மறுநாள் இளம்பச்சை அடித்தார்கள்.

பாண்டி அண்ணன் மட்டும் ஒரு பார்வை பார்த்தார். நான் நட்டு தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

முள் இறங்கியது

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு பெரிய சோதனை உண்டு. குழாய் முழுக்க நைட்ரஜனை அழுத்தி அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால்தான் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு கேஸைத் திறந்துவிடலாம்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தேன். முள் நானூறிலிருந்து முந்நூறுக்கு வந்திருந்தது.

அன்று முழுக்க சோப்பு நுரையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு நட்டிலும் வைத்தேன். ஓட்டை இருந்தால் நுரை குமிழிடும். மாடியில் பார்த்தேன், நடையில் பார்த்தேன், ஏர் ஹேண்ட்லரின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. இறுக்கமாக இருந்த நட்டுகளையே மறுபடியும் இறுக்கினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முள்ளைப் பார்த்த அந்த நிமிடமே எனக்குத் தெரியும். இன்னும் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று கை கால் எல்லாம் சொல்லியது. ஆனாலும் நாள் முழுக்க வேறு எல்லா இடத்தையும் பார்த்தேன். அந்த இளம்பச்சைச் சுவர்ப் பக்கம் போகவே இல்லை.

சாயங்காலம் கிளம்பும்போது பாண்டி அண்ணன் வேனை எடுத்துக்கொண்டே, "எப்ப சொல்லப் போற பாப்பா?" என்று கேட்டார். நாளைக்கு என்றேன்.

கரண்ட் போன மத்தியானம்

மறுநாள் பராமரிப்புக்காக மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போனது. முதலிலேயே தெரியும் என்பதால் இன்வெர்ட்டரை ஐயாவின் அறைக்கு மட்டும் விட்டிருந்தார்கள். அதில் ஏசி ஓடாது. ஒரு மின்விசிறியும், படுக்கைப்புண் வராமலிருக்க அவர் படுத்திருந்த காற்று மெத்தையின் பம்பும் மட்டும் ஓடின.

நான் மறுபடியும் நைட்ரஜனை நானூறுக்கு ஏற்றிவிட்டு மாடியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். கீழேயிருந்து தமிழ்ச்செல்வி கூப்பிட்டாள். குரலில் அவசரம் இருந்தது.

இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்துவிட்டது. விசிறி நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது ஐயாவின் முகம் கன்றிச் சிவந்திருந்தது. அம்மா ஈரத்துண்டை நெற்றியில் போட்டார், எடுத்தார், மறுபடி நனைத்தார். தமிழ்ச்செல்வி செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயரால் கையிலும் நெஞ்சிலும் தண்ணீர் அடித்தாள். பாண்டி அண்ணன் ஒரு டக்ட் தகரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விசிறினார். நான் தெருமுனைக் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கி வந்தேன். கக்கத்தில் வைத்தோம். வேனை வாசலுக்கு நேராகத் திருப்பி, ஏற்ற வேண்டி வந்தால் தயாராக நிறுத்தினோம்.

கால் மணி நேரத்தில் சிவப்பு கொஞ்சம் இறங்கியது. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத் தமிழ்ச்செல்வி பெருமூச்சு விட்டாள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏதோ பேச ஆரம்பித்தோம்.

ஐயா கையைக் கொஞ்சம் தூக்கினார். "எல்லாரும் செத்த நேரம் பேசாம இருங்க."

பயந்துபோய் நின்றோம். கண்ணை மூடியிருந்தார்.

"அந்தத் தகரத்தையும் நிப்பாட்டப்பா."

பாண்டி அண்ணன் நிறுத்தினார். விசிறி இல்லை, மெத்தைப் பம்பு இல்லை, தெருவில் மோட்டார் இல்லை. அந்த அறையில் இரண்டு வருடமாக இப்படி ஒரு அமைதி இருந்திருக்காது.

"இந்தச் செவத்துக்குள்ள ஏதோ மூச்சு விடுது" என்றார். "சளி பிடிச்ச குட்டி மாதிரி, ஸ்ஸ்ஸுன்னு. என் தலைக்கு மேல, ஒரு முழம் வலது பக்கம்."

நான் சுவரில் காதை வைத்தேன். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வைத்தேன். கேட்டது. ஒரு நூலளவு சீறல். நான் இணைப்பு வைத்த அதே இடம்.

சொன்னது

மாடியில் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஐயா, அந்த எடத்துல ஒரு ஜாயிண்டு இருக்கு. செவத்துக்குள்ள வைக்கக் கூடாது. பைப்பு பத்தல, நாந்தான் வச்சேன். உங்ககிட்ட சொல்லல."

அவர் தலையை லேசாகத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துக் காலையிலேருந்தே சந்தேகந்தான்."

"அப்ப நேத்து முழுக்க நுரையத் தூக்கிக்கிட்டு வீட்டச் சுத்திச் சுத்தி வந்ததெல்லாம்?"

"சும்மாதாங்கய்யா."

அம்மா என்னைக் கோபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதிதான். நாளை மறுநாள் விருந்தாளிகள் வரப்போகிறார்கள், தலையில் ஈரத்துண்டோடு கணவர் கிடக்கிறார்.

ஐயாவின் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சந்தையில எம்புட்டோ பேரு நொண்டி ஆட்டக் கூட்டத்துக்கு நடுவுல நிப்பாட்டி என்கிட்ட வித்துருக்கான். ஒருத்தனும் அவனா வந்து சொன்னதில்ல. நீ சொல்லிட்ட. எடு சுத்தியல."

அப்படித்தான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன்.

கட்டிலை எதிர் மூலைக்குத் தள்ளினோம். தூசி படாமலிருக்க அம்மா தன்னுடைய பழைய சேலை ஒன்றை நனைத்துக் குறுக்கே கட்டினார். கோபம் இருந்தது, ஆனால் கை வேலையை நிறுத்தவில்லை. முதல் அடி விழுந்தபோது பச்சை உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. பத்தாவது அடியில் சிமெண்ட் விலகியது. சேலைக்குப் பின்னாலிருந்து ஐயா வழி சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னும் செத்த மேலே, இன்னும் வலது பக்கம், இப்ப சத்தம் கூடிருச்சு.

நுரைச் சட்டையைக் கிழித்துச் சோப்புத் தண்ணீர் வைத்தேன். குழாயின் பின்பக்கத்திலிருந்து குமிழிகள் கிளம்பி வரிசையாக வந்தன. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் குமிழியையும் பார்த்ததில்லை.

சரியாகச் செய்த வேலை

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. அறை ஏசி ஓட ஆரம்பித்து, ஐயா வெதுவெதுப்பாகக் காபி கேட்ட பிறகுதான் தீயைப் பற்றவைத்தேன்.

இந்தத் தடவை பள்ளத்தைக் கை நுழையும் அளவுக்குப் பெரிதாக வெட்டியிருந்தோம். பழைய இணைப்பை அறுத்து எறிந்துவிட்டு, குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டுக்கொண்டே புதிதாகப் பற்றவைத்தேன். செம்பு இருண்டு, பிறகு செர்ரிப் பழம் மாதிரி சிவந்து, பற்றவைக்கும் கம்பி உருகி, தண்ணீர் மாதிரி சுற்றி ஓடியது. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை விட்டுப் பின்பக்கத்தையும் பார்த்தேன். முழு வளையம்.

நைட்ரஜனை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலையில் படி ஏறும்போது என் கால் தயங்கியது. பாண்டி அண்ணன் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, மாடியிலிருந்தே ஒரு விரலை உயர்த்தி அசையாமல் காட்டினார். முள் அசையவில்லை என்று அர்த்தம்.

சுவரை மறுபடி சிமெண்ட் வைத்து மூட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இனிமேல் யாருக்கும் சுத்தியல் தேவைப்படக் கூடாது. பாண்டி அண்ணன் தகரத்தில் ஒரு சின்னக் கதவு செய்து, நான்கு திருகாணி போட்டு, அதே பச்சையை அடித்தார். பஞ்சவர்ணம் அம்மா அதன் மேல் தினசரிக் காலண்டரை மாட்டினார். மாட்டிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை.

பம்பு போட்டு உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. கேஸ் வால்வைத் திறந்தேன். கீழே வந்து சுவிட்சைப் போட்டேன்.

முதலில் புதுத் தகர வாசனை வந்தது. பிறகு வெறும் காற்று. பிறகு மெல்ல, ஹால் கிரில்லுக்கு அடியில் நின்றிருந்த தமிழ்ச்செல்வியின் நெற்றி முடி அசைந்தது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஐயாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தோம். நடை வழியாக ஹால். ஹாலில் ஒரு சுற்று. அவர் நேராகச் சமையல்கட்டுக்குப் போகச் சொன்னார். அங்கே போய் அடுப்பு, அலமாரி, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மிக்ஸி புதுசா?" என்று கேட்டார்.

"போன வருசம் வாங்குனது" என்றார் அம்மா.

போர்வை

நிச்சயதார்த்தத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். வாடகை ஜெனரேட்டர் ஒன்று வாசலில் தயாராக நின்றது. பாண்டி அண்ணன் வெள்ளை வேட்டியில் வந்தார். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, ஆனால் பையில் ஸ்பேனரோடு வந்தேன்.

ஹாலில் நாற்பது ஐம்பது பேர். அத்தனை பேரும் ஆளுக்கொரு அடுப்பு மாதிரி. நான் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று இருபது டிகிரிக்கு இறக்கி வைத்திருந்தேன். ஐயா பட்டுச் சட்டையில் நடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். தாம்பூலத் தட்டை அவர் மடியில் வைத்தார்கள். இரண்டு முன்னங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சம்பந்தியிடம் நீட்டினார். தட்டு கொஞ்சம் ஆடியது. யாரும் உதவிக்குக் கையை நீட்டவில்லை. அவரே கொடுத்து முடித்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாண்டி அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையில் கிரில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

சாப்பாடு முடிந்து மூன்று மணி வாக்கில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஹாலில் நாங்கள் சில பேர்தான். இயந்திரம் மட்டும் ஐம்பது பேருக்கு ஓடிய அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

"பஞ்சு" என்று ஐயா கூப்பிட்டார். "எனக்குக் குளுருது. போத்திக்க ஏதாச்சும் குடு."

அம்மா கையில் வைத்திருந்த பாத்திரத்தோடு அப்படியே நின்றார்.

அந்த வீட்டில் போர்வை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். இனி அவருக்குப் போர்வை தேவைப்படும் என்று அம்மா நினைக்கவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வைகாசி வெயிலில் செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டு ராக்கம்மாள், யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டாராம். நடந்ததைச் சொன்னதும் நம்பாமல், போர்வையைத் தானே எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

நான் அதற்குள் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவைக்கலாம் என்று சுவிட்சுப் பெட்டியிடம் போயிருந்தேன். அம்மா பார்த்துவிட்டார். விரைந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த நேரம் அப்பிடியே இருக்கட்டும் தாயி. அவரு போத்திக்கிட்டு இருக்குறத நான் பாக்கணும்."

கையை எடுத்துவிட்டேன்.

அம்மா போர்வையை உதறிப் பிரித்தார். காலிலிருந்து ஆரம்பித்து, மடியில் சரி செய்து, பட்டுச் சட்டையை மூடி, கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திவிட்டார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். மறுபடி வந்து, தோள்பக்கம் விலகியிருந்த ஓரத்தை உள்ளே செருகினார்.